கிரௌன் மோல்டிங்: மகுட வார்ப்பா, கொடுங்கையா, முகட்டுப்பட்டியா?

குழுவினருக்கு வணக்கம். சுவரின் அல்லது அலமாரியின் உச்சியில் ஓடும் அலங்காரப் பட்டையான கிரௌன் மோல்டிங்குக்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். குழுவில் ஒருவர் எழுதியது:

> "மகுட வார்ப்பு" என்றே வைத்துக்கொள்ளலாமே, பொருள் நேராக வருகிறது.

நேராக வருவதுதான் சிக்கல். வார்ப்பு என்றால் உருக்கி அச்சில் ஊற்றுவது. இதுவோ மரத்தை இழைத்து நெளிவு எடுத்த நீளப் பட்டை. ஊரில் தச்சரிடம் காட்டினால் "பீடிங்தானே சார்" என்பார். மகுட வார்ப்பு என்றால் கோயில் நகைக்கு ஆர்டர் கொடுக்க வந்தவன் என்று நினைப்பார்.

போன மாதம் இங்கே நியூஜெர்சி வீட்டில் சமையலறை மேல் அலமாரிகளுக்கு நானே இதை அடித்தேன். எட்டடி உயர அறை, அதாவது 96 அங்குலம். மேல் அலமாரி 54 அங்குலத்தில் தொடங்குகிறது. அதன் உயரம் 36. ஆக 90-இல் முடிந்துவிடுகிறது. அலமாரித் தலையில் ரீப்பர் வைத்து, அதில்தான் பட்டையை அடித்தேன். பட்டை மேல்தளத்தைத் தொடவே இல்லை. அதனால் முன்பு குழுவில் பரிந்துரையாக வந்த "கூரை விளிம்பு", "விதானச் சட்டம்" இரண்டும் என் வீட்டில் பொய்யாகிவிடுகின்றன. முகடு என்றால் எதன் உச்சிக்கும் பொருந்தும். என் முன்மொழிவு: முகட்டுப்பட்டி. சுவரின் அடியில் ஓடுவது அடிப்பட்டி, நாற்காலி இடிக்கும் உயரத்தில் ஓடுவது இடைப்பட்டி என்று குடும்பமாகவும் வளரும்.

இதைவிட முக்கியம் அதன் இரண்டு விளிம்புகளுக்குப் பெயர். மைட்டர் ரம்பத்தில், அதாவது கோணத்தில் அறுக்கும் மேசை ரம்பத்தில், பட்டையைச் சாய்த்து வைத்து அறுப்பதென்றால் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். வீட்டில் மேலே போகும் விளிம்பு ரம்ப மேசையில் படியும். கீழ் விளிம்பு பின்தடுப்பில் சாயும். நான் பென்சிலால் "மேல்" என்று எழுதி, எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்து அறுத்தேன். எட்டடிப் பட்டை வீண். ஆகவே மேல், கீழ் வேண்டாம். முகட்டு விளிம்பு, அலமாரி விளிம்பு என்று இடத்தைச் சொல்லும் பெயர் போதும். எப்படிப் புரட்டினாலும் அது மாறாது.

——

ஐயா, நமக்கு "கொடுங்கை" இருக்கும்போது எதற்குப் புதுச்சொல்? ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச்சட்டத்தையும் ஆணியையும் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு மரத்திலிருந்து போன வடிவம். மறுபடி மரத்துக்கே வரட்டுமே.

——

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுங்கை வெளியே நீட்டி, மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளி விழவைப்பது. வளைவும் கீழ்நோக்கிக் கவிந்திருக்கும். சமையலறைப் பட்டை கீழே ஒடுங்கி மேலே விரிகிறது. நீருக்கும் அதற்கும் உறவில்லை, நான் சாம்பார் தாளிக்கும் ஆவியைத் தவிர. கொடுங்கையை கட்டடத்தின் வெளிப்புறக் காரனீஸுக்கு, அதாவது வெளியே நீட்டிய விளிம்புக்கு, விட்டுவைப்போம். அங்கே அதைவிட நல்ல சொல் கிடையாது. அதற்கே வடமொழியில் கபோதம் என்ற பெயரும் இருக்கிறது, ஆனால் அதைப் புறா என்று படிப்பவர்கள் வருவார்கள்.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. பட்டை சுவரோடு சாய்ந்து நிற்கும் கோணத்தை இங்கே ஸ்பிரிங் ஆங்கிள் என்கிறார்கள். பெரும்பாலும் 38 அல்லது 45 டிகிரி. "சுருள்வில் கோணம்" என்று யாராவது எழுதும் முன் "சாய்கோணம்" என்று முடித்துவிடலாம். 38 டிகிரிப் பட்டையைப் படுக்கவைத்து அறுத்தால், சதுர மூலைக்கு மேசையை 31.6 டிகிரி திருப்பி, ரம்பத்தை 33.9 டிகிரி சாய்க்க வேண்டும். ஆக மேசைத் திருப்பம், ரம்பச் சாய்வு என்று தனித்தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கோப்பிங்குக்குத்தான் எனக்கு எதுவும் அமையவில்லை. உள்மூலையில் ஒரு பட்டையை நேராக முட்டவிட்டு, அடுத்ததன் முனையை முதல் பட்டையின் நெளிவுக்கு ஏற்பக் குடைந்து பொருத்தும் வேலை அது. "நெளிவொட்டு" என்று எழுதி வைத்திருக்கிறேன். தச்சு வேலை தெரிந்த குடும்பத்தினர் யாராவது இருந்தால், வீட்டில் பெரியவர்கள் இதை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.