9 நாள் குழந்தை: குளிப்பாட்டினால் கை கால் நீலமாகிறது, எங்கே தவறு செய்கிறோம்?

புதுஅப்பா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகள் பிறந்து 9 நாள் ஆகிறது. நிறைமாதக் குழந்தை, பிறந்தபோது 2.9 கிலோ, பால் நன்றாகக் குடிக்கிறாள். மனைவிக்கு அறுவைசிகிச்சைப் பிரசவம் என்பதால் குனிந்து நிமிர முடியாது. பக்கத்தில் இருந்து சொல்லித்தரப் பெரியவர்களும் இல்லை. அதனால் குளிப்பாட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இதுவரை 3 தடவை ஆயிற்று. மூன்றும் ஒரே கதைதான்.

நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். முதலில் குளியலறையில் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவி வைப்பேன். உள்ளங்கையை விட்டுப் பார்ப்பேன், சரியாக இருக்கும். அப்புறம் படுக்கையறைக்குப் போய் உடுப்பைக் கழற்றி, டயப்பரை எடுத்து, அதற்குள் அவள் ஒன்றுக்குப் போய்விட, அதையும் துடைத்துவிட்டுத் தூக்கி வருவேன். தண்ணீரில் இறக்கியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வீரிட்டு அழுவாள். சோப்புப் போட்டு, தலைக்கு ஊற்றி, எல்லாம் முடியக் கால் மணி நேரம் ஆகிவிடும். வெளியே எடுத்தால் தாடை கிடுகிடுவென்று ஆடுகிறது, உள்ளங்கையும் பாதமும் நீலமாக இருக்கின்றன. இன்று சோப்புக் கையோடு பிடித்திருந்தபோது ஒரு நொடி வழுக்கிவிட்டாள். பிடித்துவிட்டேன், ஆனால் என் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று: தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. நனைந்து ஊறி இலேசாக வாடை வருகிறது.

தண்ணீரின் சூடு போதவில்லையா? இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?

இரட்டையர் அம்மா:

சூட்டைக் கூட்ட வேண்டாம், தயவுசெய்து! நமக்கு இதமாகத் தெரிவதே அந்தத் தோலுக்கு அதிகம். உள்ளங்கையால் பார்ப்பதையும் விடுங்கள், சமையலறையில் சூடு பிடித்துப் பழகிய கை பொய் சொல்லும். முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது.

பழைய செவிலி:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

நீலம் கை காலில் மட்டுமா, உதட்டிலும் நாக்கிலும் உண்டா? அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்தீர்களா? தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்தோ வீங்கியோ இருக்கிறதா, சீழ் வருகிறதா?

உதடு, நாக்கு நீலம் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

புதுஅப்பா:

உதடும் நாக்கும் சிவப்பாகத்தான் இருக்கின்றன அக்கா, இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். தொப்புளைச் சுற்றிச் சிவப்பு இல்லை, சீழும் இல்லை. அக்குளில் 36.2 காட்டுகிறது. குளித்து 20 நிமிடம் ஆகிறது.

பழைய செவிலி:

36.2 குறைவு. 36.5 முதல் 37.5 வரை இருக்க வேண்டும். இப்போதே செய்ய வேண்டியது: தலைக்குக் குல்லா, இடுப்புக்கு உலர்ந்த டயப்பர், இவை மட்டும் போட்டு, உங்கள் மனைவியின் வெற்று மார்பில் குழந்தையைக் குப்புறச் சாய்த்து, மேலே போர்வையைப் போர்த்துங்கள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு மூடாமல் இருக்கட்டும். தையல் வலித்தால் உங்கள் மார்பிலேயே போடுங்கள், அப்பாவின் சூடும் சூடுதான். யாருடைய மார்பில் இருந்தாலும் அவர்கள் தூங்கிவிடக்கூடாது. பால் கேட்டால் கொடுக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 36.5-ஐத் தொடவில்லை என்றாலோ, சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வெந்நீர்ப் பை, ஹீட்டர் எதையும் குழந்தைக்கு ஒட்டி வைக்காதீர்கள்.

அனுபவஸ்தன்:

எதற்கு இவ்வளவு அலட்டல்? ஹீட்டர் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியிலேயே பிடித்துக் குளிப்பாட்டினால் 2 நிமிடத்தில் முடிந்தது. தண்ணீரில் நாலு சொட்டுக் கிருமிநாசினி விட்டால் தொப்புள் வாடையும் போய்விடும்.

பழைய செவிலி:

இரண்டுமே வேண்டாம் ஐயா. ஓடும் குழாயில் வெப்பம் எந்த நொடியும் மாறும். வீட்டில் வேறு யாராவது இன்னொரு குழாயைத் திறந்தாலே போதும், சூடு சட்டென்று ஏறிவிடும், நாம் குழந்தையை இழுப்பதற்குள் தோல் வெந்திருக்கும். டப்பில்கூட முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், நன்றாகக் கலக்கி, அதற்கு அப்புறம்தான் குழந்தை. கிருமிநாசினி அந்த மெல்லிய தோலை எரிய வைக்கும், வாடைக்கும் தீர்வு இல்லை. கொடி காய்ந்து அழுகித்தான் விழும், அதனால் இலேசான வாடை இயல்பு. கெட்ட நாற்றம், சிவப்பு, சீழ், தொட்டால் வீரிடுவது, இவை வந்தால்தான் கவலை.

புதுஅப்பா:

ஒரு மணி நேரம் கழித்து 36.8. என் மார்பிலேயே தூங்கிவிட்டாள். கை கால் இளஞ்சிவப்பாகிவிட்டது. நன்றி அக்கா. இனி எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், நாளைக்குப் பயமாக இருக்கிறது.

பழைய செவிலி:

நாளைக்கு ஏன் குளிப்பாட்ட வேண்டும்? முதல் சந்தோஷம் அதுதான். வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை போதும். தினமும் தேவைப்படுவது முகம், கழுத்து மடிப்பு, அடிப்பகுதி, அவ்வளவுதான். அடிக்கடி சோப்பில் ஊறினால் தோல் வறண்டு வெடிக்கும்.

உங்கள் கதையைப் படித்தவுடன் எனக்குத் தெரிந்தது இதுதான்: அவள் குளிர்ந்தது தண்ணீருக்குள் இல்லை. தண்ணீருக்கு முன்னும் பின்னும். நீங்கள் தண்ணீரை விளாவிவிட்டுத்தான் உடுப்பைக் கழற்றப் போகிறீர்கள். அவள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வெற்று உடம்போடு வருகிறாள், அதற்குள் டப் ஆறிவிடுகிறது. பிறகு கால் மணி நேரம். ஈரம் உலரும்போது உடம்பின் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகும். எடையோடு பார்த்தால் குழந்தைக்குத் தோல்பரப்பு நம்மைவிட அதிகம், அதில் பெரிய பங்கு தலை. நம்மைப் போல உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அவளால் முடியாது.

அப்படியானால் அந்தத் தாடை நடுக்கம்? அழும்போது தாடை அப்படி ஆடுவது இந்த வயதில் சகஜம். மெதுவாகப் பிடித்தால் நின்றுவிடும். கையோ காலோ பிடித்தும் நிற்காமல் ஆடினால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் விரிப்பது, கீழே விழுகிறோம் என்ற திடுக்கிடல், அதுவும் பிறவியிலேயே உள்ளது.

கொடி விழும்வரை டப் வேண்டாம், துடைத்துவிடுங்கள். எப்படியும் 1 முதல் 3 வாரத்துக்குள் விழுந்துவிடும். அதுவரை டயப்பரின் மேல்விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள், காற்றுப் படட்டும். இழுத்துப் பார்க்காதீர்கள், நூல் இழையில் தொங்கினாலும்.

துடைக்கும் முறை: ஜன்னல் சாத்தி, ஃபேன், ஏசி நிறுத்தி, அறை 24 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். துவாலை இரண்டு, மாற்று உடுப்பு, டயப்பர், பஞ்சு எல்லாம் கை எட்டும் இடத்தில் வைத்த பிறகு, கடைசியாகத்தான் தண்ணீர். தரையில் தடித்த விரிப்பின் மேல் செய்தால் உருண்டு விழும் பயம் இல்லை. குழந்தை துவாலைக்குள் சுற்றியபடி இருக்க, துடைக்கும் பகுதியை மட்டும் திறக்க வேண்டும். ஒரு கையைத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, மூடிவிட்டு, அடுத்த கை.

கண்ணில் ஆரம்பியுங்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. மற்ற கண்ணுக்குப் புதுப் பஞ்சு. காதுக்கும் மூக்குக்கும் வெளியே தெரிவதை மட்டும் துடையுங்கள், உள்ளே குச்சி விடாதீர்கள். கழுத்துக்கு ஒரு வழி உண்டு: தோளுக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்து இலேசாகத் தூக்கினால் தலை கொஞ்சம் பின்னால் போகும், மடிப்பு திறந்துகொள்ளும். உள்ளே பால் திரிந்து வெள்ளை இழையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பின்னால் சிவந்து புண்ணாகிறது. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், கடைசியில். முதல் சில வாரம் வெறும் தண்ணீரே போதும். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும்.

இரட்டையர் அம்மா:

ஒரு சின்னச் சேர்க்கை. மூடிய முஷ்டியை மெதுவாகத் திறந்து பாருங்கள், ஒரு நூல் கடையே இருக்கும். கால் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் என் முடி ஒன்று சின்னவனின் கால் விரலில் சுற்றி, விரல் வீங்கியிருந்தது. ஏன் அழுகிறான் என்று தெரியாமல் அரை நாள் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

அடுத்தமாதம்:

இடையில் ஒரு சந்தேகம். எனக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறந்த உடனே குளிப்பாட்டிவிட வேண்டுமா? உடம்பெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருக்குமே?

பழைய செவிலி:

வேண்டாம் அம்மா. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வெள்ளை மாவு தோலுக்கு இயற்கை கொடுத்த காப்பு, தேய்த்து எடுக்காதீர்கள், தானாக உறிஞ்சிக்கொள்ளும். இரத்தம் இருந்தால் ஒற்றித் துடைத்தால் போதும். குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்தால் எப்போது குளிப்பாட்டலாம் என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

புதுஅப்பா (5 நாள் கழித்து):

கொடி 12-ஆம் நாள் டயப்பருக்குள் விழுந்து கிடந்தது. ஒரு சொட்டு இரத்தம் இருந்தது, பிறகு இல்லை. அந்த இடம் இப்போது காய்ந்துவிட்டது. துடைத்துவிடும்போது அவள் அழுவதே இல்லை, கண்ணுக்குப் பஞ்சு போகும்போது மட்டும் முகத்தைச் சுளிக்கிறாள். பாதத்தில் தோல் உரிகிறது, அது சகஜம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனி டப்புக்குப் போகலாமா? வழுக்கியதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

பழைய செவிலி:

போகலாம். தண்ணீர் 5 செ.மீ. ஆழம் போதும், வெப்பமானியில் 37 அல்லது 38. டப்பைப் படுக்கையறைத் தரைக்கே கொண்டுவாருங்கள். பால் குடித்த உடனே வேண்டாம், பசி நேரத்திலும் வேண்டாம்.

பிடி: உங்கள் இடது முன்கை அவள் கழுத்துக்கும் தோளுக்கும் அடியில். அந்தக் கையின் விரல்கள் அவளுடைய அந்தப் பக்க அக்குளைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். கட்டை விரல் தோளின் மேல். இந்தக் கை குளியல் முடியும்வரை நகராது, சோப்பையும் தொடாது. வலது கைதான் வேலை செய்யும். டப்பின் அடியில் ஒரு துணி விரித்தால் வழுக்காது. திடுக்கிடாமல் இருக்க ஒரு மெல்லிய துணியை உடம்பில் தளர்வாகச் சுற்றி, பாதம் முதலில், அப்புறம் இடுப்பு என்று மெதுவாக இறக்குங்கள். தலையைக் கடைசியில் நனைத்து, உடனே துடைத்துவிட வேண்டும். எல்லாம் 5 நிமிடம்.

யார் கதவைத் தட்டினாலும், போன் அடித்தாலும் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் குழந்தையையும் துவாலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். உள்ளே உட்கார வைக்கும் இருக்கைகளை நம்பி விட்டுவிடாதீர்கள், விரல்கடை ஆழத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: 3 மாதத்துக்குள் உடல் வெப்பம் 38-ஐத் தொட்டால் குளியலால் இறக்கப் பார்க்காதீர்கள், உடனே மருத்துவரிடம்.

புதுஅப்பா (மறுநாள்):

முடித்துவிட்டேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்து துவாலையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். பாதம் தண்ணீரில் பட்டதும் அழத்தான் வாயைத் திறந்தாள். இடுப்பு இறங்கியதும் வாயை மூடிக்கொண்டு விளக்கையே பார்த்தாள். 4 நிமிடம். வெளியே வந்த பிறகு 36.9, பாதம் சிவப்பு. எனக்குத்தான் சட்டையெல்லாம் வியர்வை.

ஒரே ஒரு சந்தேகம். பாதிக் குளியலில் டப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். தண்ணீரை மாற்றியிருக்க வேண்டுமா?

பழைய செவிலி:

அதற்காக நடுவில் மாற்ற வேண்டாம், மாற்றும் நேரத்தில் குளிர்ந்துவிடுவாள். இனி விளாவும்போதே ஒரு குவளை சுத்தத் தண்ணீரை மூடி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதை முழங்கையில் ஒரு தடவை பார்த்துவிட்டு உடம்பில் ஊற்றி எடுத்துவிடுங்கள். இரண்டுக்குப் போனால் மட்டும் குளியலை அங்கேயே முடித்துவிட்டு, அந்தக் குவளையால் அடிப்பகுதியைக் கழுவித் துவாலைக்கு மாற்றுங்கள்.

இரட்டையர் அம்மா:

குவளை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். என் பெரியவன் முதல் குவளை முடிந்ததும்தான் தொடங்குவான்.