ஓட்டு மேல் நடந்தது யார்? ஏரிக்கரை வீட்டு அனுபவங்கள்

பாரூர் ஏரிக்குப் பக்கத்தில் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த முதல் மாதமே ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஓட்டின் மீது யாரோ நடக்கிற சத்தம். எலி இப்படி நடக்காது, பூனை நடந்தால் சத்தமே வராது, இது கனமாக, நின்று நின்று, ஏதோ யோசித்துக்கொண்டே நடப்பது போல. அம்மா முனி என்று முடிவுகட்டி வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார், நான் திருடன் என்று நினைத்து டார்ச்சும் கையுமாக அலைந்தேன். இரண்டு பேரும் தப்பு. மதில் சுவர் மேல் ஒரு காலையில் எச்சம் கிடந்தது, அதில் ஈச்சங்கொட்டையும் பப்பாளி விதையும் முழுசு முழுசாக இருந்தன. மறுநாளும் அதே இடத்தில். அப்புறம்தான் புரிந்தது, மரநாய். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை அப்படியே வெளியே விட்டுவிடும்.

ஒரு வாரம் காத்திருந்து நேரிலேயே பார்த்தேன். முருங்கைக் கிளை வழியாக ஓட்டுக்கு இறங்கியது. முகத்தில் கறுப்புத் துணி கட்டிய மாதிரி, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, நீளமான கறுத்த வால். வாலில் வளையம் வளையமாக இருந்தால் அது புனுகுப்பூனை, அது பெரும்பாலும் தரையில்தான் திரியும். எங்கள் தெருவில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பமே.

விஷம் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம், அதை விடுங்கள், செத்தது ஓட்டுக்குள் எங்கே கிடக்கிறது என்று தேட உங்களால் முடியுமா? வந்த வழியை உடனே அடைப்பதும் தப்பு, உள்ளே குட்டி இருந்தால் அங்கேயே செத்து நாறும். நாங்கள் மேலே குட்டிச் சத்தம் முழுசாக நிற்கும்வரை பொறுத்திருந்தோம். அப்புறம் முருங்கைக் கிளையை வெட்டி, ஓட்டு இடுக்கில் கம்பி வலை அடித்தோம். இப்போது சுவரோடு போய்விடுகிறது.

அடுத்த கதை சிறுத்தைக் குட்டி. மதகுப் பக்கம் நாணலுக்குள் யாரோ பார்த்ததாக வாட்ஸ்அப்பில் வந்து, பிள்ளைகளை இரண்டு நாள் வெளியே விடவில்லை. தண்ணீர் வற்றிய பங்குனி மாதம், கரையோரச் சேறு நல்ல பதத்தில் இருந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நான்கு விரல், நகம் பதியவில்லை, அப்படியென்றால் பூனை இனம். நகமும் சேர்ந்து பதிந்திருந்தால் நாயோ குள்ளநரியோ. கீரி, மரநாய் எல்லாம் ஐந்து விரல் கட்சி. ஆனால் தடம் சின்னது, வீட்டுப் பூனையை விட ஒரு சுற்றுப் பெரிசு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் சாயங்காலம் அதுவே வெளியே வந்தது. காட்டுப்பூனை! நீண்ட கால், குட்டை வால், வால் நுனியில் கறுப்பு வளையம், உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. சிறுத்தைக் குட்டிக்குச் சின்னதிலிருந்தே புள்ளி இருக்கும், வாலும் நீளம். ஆனாலும் என் கோழி நான்கு போனது நிஜம். கூண்டுக்கு நைலான் வலை கட்டியிருந்தது என் தப்பு, வெல்டு மெஷ் என்கிற பற்றவைத்த கம்பி வலை போட்டபின் ஒன்றும் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு பென்னாகரத்திலிருந்து ஒருவர்:
அண்ணா, ஐந்து விரல் கட்சியில் நீர்நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் பக்கம் காவிரியில் கூட்டமாகவே பார்க்கலாம். என் மாமா பரிசல் ஓட்டுகிறவர், தண்ணீருக்குள் நான்கைந்து தலை வரிசையாக வந்தால் முதலை என்று டூரிஸ்ட்டுகள் கத்துவார்களாம், இவர் சிரிப்பாராம். பாறை மேல் அதன் எச்சத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது, மீன் செதிலும் நண்டு ஓடுமாகக் கிடக்கும், நாற்றம் கையில் தொட்ட மாதிரி கூடவே வரும். வலையைக் கிழிக்கிறது என்று மீன் பிடிப்பவர்களுக்குக் கோபம், அது நியாயமான கோபம்தான். அதற்காக அடிக்கலாமா என்பது வேறு பேச்சு.

தேன்கனிக்கோட்டையிலிருந்து இன்னொருவர்:
நீங்கள் எல்லாம் பூனை, கீரி என்று பேசுகிறீர்கள், எங்களுக்கு ஏரிக்கரையில் வருவது யானை சார். ராகி கதிர் முற்றுகிற நேரம் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்கிவிடும். ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டு விடியற்காலையில் ஏரியில் தண்ணீர் குடிக்கும். தடத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கிற வேலையே இல்லை, அண்டா கவிழ்த்த மாதிரி பள்ளம். போன வருடம் பால் ஊற்றப் போன எங்கள் சித்தப்பா மூடுபனியில் பைக்கை ஓட்டிக்கொண்டு போய் யானைக்குப் பத்தடியில் நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை, லைட்டை அணைத்துவிட்டு அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டே வந்தார், அதனால் பிழைத்தார். அதைவிடப் பயம், போன் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுகிற கூட்டம். வேலியில் நேரடி மின்சாரம் கொடுக்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிற்காது, யானையும் சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆளும் சாகிறான்.

மறுபடி பாரூரிலிருந்து:
யானைக்கு முன்னால் என் மரநாய் சாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. எது கடித்தாலும், கீரியோ குரங்கோ தெரு நாயோ, முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். காலில் புண்ணோடு ஏரிச் சேற்றில் இறங்கவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

இன்று காலை அதே மதில் சுவரில் நாவல் கொட்டை. ஆடி வந்தாயிற்று. எங்கள் தெருவில் நாவல் மரமே கிடையாது, ராத்திரி எங்கே போய்த் தின்றுவிட்டு வருகிறது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.