மெலட்டூர் பாகவத மேளா பாக்க அம்மாவை கூட்டிட்டு போகணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மாயவரம். நான் அஞ்சாவது படிக்கும்போது தாத்தா என்னையும் அம்மாவையும் தஞ்சாவூர் பக்கத்துல இருக்குற மெலட்டூருக்கு பாகவத மேளா (ஆம்பளைங்களே எல்லா வேஷமும் போட்டு ஆடிப் பாடுற நாட்டிய நாடகம்) பாக்க கூட்டிட்டு போனாரு, நரசிம்ம ஜெயந்திக்கு விடிய விடிய பிரகலாத சரித்திரம். மொதல்ல கோணங்கி (கோமாளி) வந்து ஆடுனது, பிரகலாதனோட அம்மா லீலாவதியா வந்தவரு ஆம்பளைன்னு தாத்தா சொல்லியும் நான் நம்பாம அவர் கை வளையலையே பாத்துட்டு இருந்தது, விடியக்காலைல நரசிம்மர் முகமூடி போட்டவரை பின்னாடி ரெண்டு மூணு பேர் இறுக்கி புடிச்சிக்கிட்டது எல்லாம் இன்னும் கண்ணுலயே நிக்குது. அம்மா அப்ப கைகூப்பிட்டு அழுதாங்க.

இப்ப அம்மாவுக்கு 74 வயசு, மூட்டு வலி, ஆனா "இன்னொரு தடவை பாத்துடணும்டா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வர்ற நரசிம்ம ஜெயந்திக்கு அவங்க, வீட்டுக்காரி, ரெண்டு பசங்கன்னு எல்லாரும் போலாம்னு இருக்கோம்.

பிரகலாத சரித்திரம் எந்த ராத்திரின்னு எப்ப தெரியும்? வயசானவங்களுக்கு சேர் கிடைக்குமா, இல்ல நாங்களே எடுத்துட்டு வரணுமா? நடுவுல அம்மா கொஞ்சம் படுக்க பக்கத்துல ரூம் இருக்கா, இல்லன்னா பாபநாசத்துல தான் எடுக்கணுமா? பாட்டு, வசனம் எல்லாம் வெங்கடராம சாஸ்திரி எழுதுன தெலுங்கு, பசங்களுக்கு ஒண்ணும் புரியாது, அதனால தமிழ்ல அர்த்தம் போட்ட புஸ்தகம் எங்கயாவது கிடைச்சா முன்னாடியே படிச்சு காட்டிடுவேன். இது தான் எனக்கு ரொம்ப முக்கியம். போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா ப்ளீஸ் சொல்லுங்க.