உதவி: டிஃபரென்ஷியல் ஆயில் மாற்ற வேண்டும், மேல் பிளக் அசையவே இல்லை (அவசரம்)

வேளச்சேரி_வண்டி · சனி, காலை 9:40
வணக்கம். வீட்டிலேயே டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) ஆயில் மாற்றலாம் என்று வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டேன். மேலே இருக்கும் பிளக் கொஞ்சமும் அசையவில்லை. ராட்செட் போட்டு இழுத்தால் சதுர ஓட்டையின் மூலை மழுங்குவது போலத் தெரிகிறது. கீழ் பிளக் லேசாக அசைகிறது. முதலில் அதைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்துவிடலாமா? மூன்று மணிக்கு வண்டி வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

பெரம்பூர்_ஸ்பேனர் · 9:46
வடிக்காதீர்கள்! கீழ் பிளக்கை அப்படியே இறுக்கி வையுங்கள். மேல் பிளக் திறக்காமல் ஆயிலை வடித்துவிட்டால் புது ஆயிலை எதன் வழியாக ஊற்றுவீர்கள்? வண்டியை அசைக்கவே முடியாது. எப்போதும் மேல் பிளக்தான் முதலில். அப்புறம், என்ன வண்டி?

ஆயில்_அண்ணாச்சி · 9:52
90 நம்பர், ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். எந்த வண்டியாக இருந்தாலும் சரி. என் பொலிரோவில் வருஷக்கணக்காக அதுதான் ஓடுகிறது.

டார்க்_தாத்தா · 9:58
வண்டி பெயர் இல்லை, மாடல் இல்லை, முன்பக்கமா பின்பக்கமா என்றும் இல்லை. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு டாக்டரிடம் மருந்து கேட்கிற கதை. கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைக் கொஞ்சம் புரட்டினால் என்ன? இதே விஷயத்தை எத்தனை தடவைதான் எழுதுவது.

சிட்லபாக்கம்_சிவா · 10:03
தாத்தா, மனிதர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார், விடுங்கள். நண்பரே, வண்டி எதன் மேல் நிற்கிறது? ஜாக் மட்டுமா?

வேளச்சேரி_வண்டி · 10:15
மன்னிக்கவும், ஏடபிள்யூடி (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டி) என்று போட மறந்துவிட்டேன். ஹோண்டா சிஆர்-வி 2.4 ஆட்டோமேட்டிக், பின் டிஃபரென்ஷியல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்பக்கம் மட்டும் தூக்கி ஹாலோ பிளாக் வைத்திருக்கிறேன்.

சிட்லபாக்கம்_சிவா · 10:16
ஹாலோ பிளாக்கா! உடனே வெளியே வாருங்கள். அது சுவர் கட்டுகிற கல். ஓரிடத்தில் பாரம் குவிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக் ஸ்டாண்ட் கிடைக்கும் வரை அடியில் போகாதீர்கள்.

பெரம்பூர்_ஸ்பேனர் · 10:24
சிவா சொன்னதுதான் முதல் வேலை. இன்னொன்று: பின்பக்கம் மட்டும் தூக்கினால் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும், ஆயில் அளவு தப்பாகக் காட்டும். நாலு சக்கரமும் சமமாக இருக்க வேண்டும். சிஆர்-விக்கு அடியில் ஓரளவு இடம் உண்டு, ஒல்லியானவர் என்றால் தூக்காமலே எட்டலாம்.

பிளக் விஷயம்: அது 3/8 இன்ச் சதுரம். சாக்கெட் எதுவும் வேண்டாம், ஹேண்டிலின் சதுரத்தையே நேராக நுழைக்கலாம். ஓட்டைக்குள் காய்ந்திருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுங்கள். மண் இருந்தால் சதுரம் முழு ஆழத்துக்கு இறங்காது, மூலை மழுங்குவது அதனால்தான். துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். பிளக் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு ராட்செட் வேண்டாம், ப்ரேக்கர் பார், அதாவது ராட்செட் இல்லாத நீளமான கைப்பிடி. இல்லையென்றால் ஹேண்டிலில் ஒரு ஜிஐ பைப்பை மாட்டுங்கள். வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள்.

முன்பக்கம் கியர்பாக்ஸ் டிரெயின் பிளக்கிலும் இதே சதுரம்தான். மாற்றித் திறந்து கியர் ஆயிலை வடித்தவர்கள் உண்டு.

டயர்_தமிழ் · 10:31
ஏன் மாற்றுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. சத்தமா? அப்படியானால் ஆயில் இல்லை, டயர். நாலும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமா? செகண்ட் ஹேண்ட் வண்டியில் இரண்டு புதிது, இரண்டு பழையது என்றுதான் இருக்கும்.

வேளச்சேரி_வண்டி · 10:50
ஆமாம் சத்தம்தான். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் பின்னாலிருந்து 'ங்ர்ர்' என்று முனகல், கூடவே ஒரு அதிர்வு. நேராகப் போனால் ஒன்றுமில்லை. வாசலில் இருக்கும் மெக்கானிக் ஒரு லிட்டர் 90 ஆயில் கொடுத்திருக்கிறார்.

பெரம்பூர்_ஸ்பேனர் · 11:02
அந்த 90-ஐ ஊற்றாதீர்கள்! பழைய சிஆர்-விகளில் இந்த முனகல் பிரபலம். பின் டிஃபரென்ஷியலுக்குள் இரண்டு பம்ப் உண்டு. ஒன்று முன் சக்கர வேகத்தில் சுற்றும், இன்னொன்று பின் சக்கர வேகத்தில். முன்னால் வழுக்கி வேகம் வித்தியாசப்பட்டால் ஆயில் அழுத்தம் ஏறி கிளட்ச் தட்டுகளை அமுக்கும், பின் சக்கரத்துக்கும் இழுவை போகும். இறுக்கமாகத் திருப்பும்போதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை, அதனால் கிளட்ச் லேசாகப் பிடிக்கும். ஆயில் பழசானால் தட்டுகள் வழுக்கிப் போகாமல் விட்டுவிட்டுப் பிடித்து முனகும். இதற்கு ஹோண்டா டூயல் பம்ப் ஃப்ளூயிட் மட்டும்தான்.

ஆயில்_அண்ணாச்சி · 11:09
எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். ஆயில் ஆயில்தான்.

டார்க்_தாத்தா · 11:15
பொலிரோ பின் ஆக்சிலில் கியர் மட்டும்தான், அதற்கு ஜிஎல்-5 சரி. இங்கே ஆயிலுக்குள் கிளட்ச் முங்கி நிற்கிறது. இது தெரியாதவர்கள் படித்துவிட்டுப் போகலாம், பதில் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அடையாறு_ஆக்சில் · 11:28
எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். சென்னையில் ஏடபிள்யூடி எதற்கு? பனியா, மலையா?

சிட்லபாக்கம்_சிவா · 11:33
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வராது.

அடையாறு_ஆக்சில் · 11:37
வெள்ளத்தில் நாலு சக்கரம் சுற்றினாலும் இன்ஜின் காற்று இழுக்கிற இடத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டால் கதை முடிந்தது. ஏடபிள்யூடி படகு இல்லை சார்.

கொல்லிமலை_ரசிகன் · 11:41
கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. மழையில் போய்ப் பாருங்கள், பிறகு பேசலாம்.

அடையாறு_ஆக்சில் · 11:44
அதே வளைவுகளில் அரசு பஸ் தினமும் ஏறுகிறது. அதற்கு இழுவை பின் சக்கரத்தில் மட்டும்தான்.

கொல்லிமலை_ரசிகன் · 11:46
அந்த டிரைவர் கை என்னிடம் இல்லையே!

பெரம்பூர்_ஸ்பேனர் · 11:55
வெள்ளம் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். வேளச்சேரிக்காரர் வடிக்கும்போது நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் வெறும் பழைய ஆயில். டீ மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர். சூடாக ஓடிய டிஃபரென்ஷியல் வெள்ளத்தில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் (காற்றுப் போக்கி) வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு முறை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும்.

வேளச்சேரி_வண்டி · மதியம் 12:40
வண்டியைக் கீழே இறக்கிவிட்டேன். ஓட்டைக்குள் கல் மாதிரி மண், எடுத்தேன். சதுரம் இப்போது முழுசாக இறங்குகிறது. ஜிஐ பைப் தேடுகிறேன். இந்த டூயல் பம்ப் ஆயில் எங்கே கிடைக்கும்? சர்வீஸ் சென்டரில் ஸ்டாக் இல்லை என்கிறார்கள்.

டயர்_தமிழ் · 12:44
டயர் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

பெரம்பூர்_ஸ்பேனர் · 12:52
ஜி.பி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் கேளுங்கள். சீல் உடையாத பாட்டிலா என்று பாருங்கள். ஒரு லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கலாம், அதனால் இரண்டு பாட்டில். பிளக்குக்குப் புது அலுமினிய வாஷரும் வாங்குங்கள். ஊற்றுவதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் வாட்டர் லெவல் டியூப் ஒரு துண்டு, ஒரு புனல் போதும். டியூபை பின் சக்கரத்துக்கு மேலாக எடுத்து உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஓட்டையில் வழிய ஆரம்பித்தால் அளவு சரி. இறுக்கம் 47 நியூட்டன் மீட்டர், பைப் மாட்டி இறுக்காதீர்கள். பிறகு காலி மைதானத்தில் எட்டு போட்டு ஓட்டினால் புது ஆயில் தட்டுகளுக்குள் போகும்.

பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் கொட்ட வேண்டாம். மெக்கானிக் கடை டிரம்மில் வாங்கிக்கொள்வார்கள்.

சிட்லபாக்கம்_சிவா · 12:58
பிளக் ஒரேயடியாக மழுங்கிவிட்டால் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய ஹவுசிங்கிலிருந்து ஒன்றைக் கழற்றித் தருவார்கள்.

ஆயில்_அண்ணாச்சி · 1:20
எட்டு போட வேண்டுமாம். லைசென்ஸ் டெஸ்டா நடக்கிறது.

வேளச்சேரி_வண்டி · ஞாயிறு, இரவு 8:05
திறந்தது. கறுப்பு, தண்ணீர் இல்லை. சரியான ஆயிலே கிடைத்தது. எட்டு போட்டேன், முனகல் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ஸ்பேனர் அண்ணனுக்கு.

டயர்_தமிழ் · 8:11
டயரையும் பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்.

கேகேநகர்_2.4 · திங்கள், காலை 7:30
என்னிடமும் இதே வண்டி, இதே முனகல். எந்தக் கடையில் வாங்கினீர்கள்? என்ன விலை?

கேகேநகர்_2.4 · புதன், மாலை 6:15
வேளச்சேரி சார்?

டார்க்_தாத்தா · 6:40
காரியம் முடிந்தால் வர மாட்டார்கள். நீங்கள் என்ன வருஷ மாடல் என்று சொல்லுங்கள் முதலில்.