பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவு: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி:
எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அலுவலக மேலாண்மையும் செயலியலும் (அலுவலகச் செயலாளர் பணிக்கான பாடம்) என்ற தொழிற்கல்விப் பிரிவில் சேர என் மகள் விரும்புகிறாள். அதில் சேர்ந்தால் மேற்படிப்புக்கு வழியில்லை என்று உறவினர்கள் சொல்வது உண்மையா?

பதில் 1:
உண்மையன்று, ஐயா. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே வந்த இப்பிரிவில் தேறியவர்கள் பி.காம். முதலிய பட்டப்படிப்புகளில் சேரலாம். அடிப்படை இயந்திரவியல் போன்ற பொறியியல் சார்ந்த பிரிவுகளில் படித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வாய்ப்புண்டு.

பதில் 2:
நான் இதே பிரிவில் படித்தவள். தட்டச்சுப் பொறியின் விசைகளைப் பார்க்காமல் ‘யளனகபக’ என்ற தொடக்கப் பயிற்சி எழுத்துகளைத் தாள் முழுவதும் அடித்துப் பழகிய அந்த மாதங்கள்தாம், நிமிடத்துக்கு 30 சொற்கள் கேட்கும் அரசுத் தட்டச்சு இளநிலைத் தேர்வை அச்சமின்றி எழுத வைத்தன. தங்கள் மகளின் விருப்பத்தைத் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

பதில் 3:
சேர்க்கும் முன் அப்பிரிவுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பல பள்ளிகளில் ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை, அது வேதனைக்குரியது.