மாமிக்கு இங்கிலீஷ் ‘நல்லாய்’ வரும்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். 2021 மார்ச்சில் சென்சஸ் வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் நான்தான் ஆன்லைனில் நிரப்பினேன். முதன்மை மொழி எது என்று ஒரு கேள்வி. ஆங்கிலம் என்று போட்டால் அதோடு சரி. வேறு மொழி என்றால்தான், ஆங்கிலம் எப்படிப் பேசுவீர்கள் என்று அடுத்தது வரும்: மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை.

மாமிக்கு மூன்றாவதைப் போடப் போனேன், விடவில்லை. "ஏன், நான் பஸ்ஸிலை ஆரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டே போறனான்? நல்லாய் எண்டு போடு பிள்ளை." 101 பஸ்ஸில் இறங்கும்போது டிரைவருக்கு "தேங்க்யூ டார்லிங்" சொல்லுகிற ஆள் அவர், அவர்கள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியது. சரியென்று போட்டேன். மகனுக்கு ஆங்கிலம் என்றதும் அடுத்த கேள்வி வராமலே தாண்டிவிட்டது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் தமிழ் எப்பிடிக் கதைப்பான் எண்டு கேக்கேல்லையோ?" என்றார்.

பிறகு ஒருநாள் மாமிக்கு நாரிப்பிடிப்பு. டாக்டர் போனில், கூடவே தமிழ் மொழிபெயர்ப்பாளர், பேச்சைக் கேட்டால் தமிழ்நாட்டுப் பெண். மாமி "நாரி நோகுது, குனிய ஏலாது" என்று சொல்ல, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "நாரியா... யாரும்மா அது?" நான் வாயைத் திறப்பதற்குள் மாமி நேராக டாக்டரிடமே, "லோவர் பேக், வெரி பெயின், நோ பெண்டிங்" என்று முடித்துவிட்டார். தமிழில் விளங்காதது இங்கிலீஷில் விளங்கிவிட்டது!

பின்னூட்டங்கள்

சிங்கப்பூர் வாசி:
இங்கே சென்சஸில் கேட்பது வீட்டில் அதிகம் பேசும் மொழி. ஆங்கிலம் என்றவர்கள் 2010ல் 32.3 சதவீதம், 2020ல் 48.3. அந்த ஏறிய கணக்கில் நாங்களும் உண்டு, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். என் மகள் தமிழ் பேசுவது வாரம் ஒருமுறை வீடியோ காலில், தஞ்சாவூர் பாட்டியிடம் மட்டும். பாட்டியோ பேத்தி முகம் தெரிந்ததும் "ஹவ் ஆர் யூ, ஈட்டிங் ஓவரா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்.

சேலத்துக்காரி:
உங்கள் மாமியிடம் மாட்டியது நானில்லை, ஆனால் நானும் லண்டனில் அதே வேலைதான். வந்த புதிதில் ஒரு அம்மா "ரெண்டு நாளாச் சத்தி" என்றார். சக்தி என்று என் காதில் விழ, உடம்பில் நல்ல தெம்பு இருக்கிறதாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன்! அந்த அம்மா அங்கேயே வாந்தி எடுத்த பிறகுதான் புரிந்தது. இப்போது பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. நாரி என்றால் இடுப்பு, சத்தி என்றால் வாந்தி, தடிமன் என்றால் சளி. இரண்டாம் பக்கம் ஓடுகிறது.