3-2: கந்தீரவாவின் கடைசி நிமிடங்களை நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள்?

வில்லிவாக்கத்திலிருந்து

சனிக்கிழமை கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை. பேச முடியாததால் எழுதுகிறேன். 2018 மார்ச் 17 இரவு பெங்களூரு ஸ்ரீ கந்தீரவா மைதானத்தில் நடந்த பைனலில் நம்ம சென்னையின் எஃப்.சி. பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது தடவையாக ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கப்பைத் தூக்கியதை நீங்கள் எங்கே இருந்து பார்த்தீர்கள், நம் ஆட்டம் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள், எல்லாரும் எழுதுங்கள். ஆபீஸில் ஒருவர் காலையிலேயே “ஒரு கோல்ல தப்பிச்சுட்டீங்க” என்றார். தப்பித்தோம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர் காலை பிருந்தாவன் ரயிலில் கிளம்பினோம். சாயங்காலம் கப்பன் பார்க் பக்கம் போனால் தெரு முழுக்க நீலம். அவர்களுக்கும் நீலம்தான், நமக்கும் நீலம்தான். கிட்டப் போய் நெஞ்சில் இருக்கிற சின்னத்தைப் பார்த்தால்தான் யார் எந்த ஊர் என்று தெரியும். உள்ளே போய் உட்கார்ந்தபோது சுற்றிலும் அவர்கள் ஆட்கள், நடுவில் நாங்கள் ஒரு கைப்பிடி.

9ஆவது நிமிடம். பெங்களூருவின் உதாந்தா சிங் ஓரத்தில் பிய்த்துக்கொண்டு போய் கிராஸ் போட, சுனில் சேத்ரி பாய்ந்து விழுந்து தலையால் உள்ளே தள்ளினார். அந்த மைதானத்தின் சத்தம் காதில் இல்லை, வயிற்றில் கேட்டது. லீக்கில் 18 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்து முதலிடம் வந்த அணி அது. நாம் 32 புள்ளியோடு இரண்டாமிடம். எட்டுப் புள்ளி முன்னால் இருந்த அணி, அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம், பத்து நிமிடம் ஆவதற்குள் ஒரு கோல். எங்களோடு வந்த ஒருவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்து மீண்டு வந்த அணியைத் “தப்பித்தது” என்று எப்படிச் சொல்வது?

17ஆவது நிமிடத்தில் நம்ம கிரிகரி நெல்சன் கார்னர் எடுத்தார், மைல்சன் ஆல்வெஸ் தலையால் அடித்தார். 45ஆவது நிமிடத்தில் மறுபடி அதே நெல்சன் கார்னர், அதே மைல்சன் தலை. கார்னரில் வந்த கோல் என்றால் நம்மில் சிலருக்கே ஒரு இளக்காரம் உண்டு. எனக்கு அது புரிவதே இல்லை. எதிரே நிற்பது அவர்கள் டிஃபெண்டர்கள் ஹுவானனும் ஜான் ஜான்சனும். பின்னால் ஆறரை அடி உயரத்தில் கீப்பர் குர்பிரீத் சிங் சந்து. அந்த மூன்று பேருக்கு நடுவில் ஒருவன் ஒரு தடவை முந்தினால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை முந்தினால் அது பயிற்சி மைதானத்தில் வியர்வை சிந்திச் செய்த வேலை. ஓடுகிற பந்தில் அவர்களை உடைப்பது கஷ்டம் என்று தெரிந்து நம் கோச் ஜான் கிரிகரி நின்ற பந்தில் உடைத்தார். பைனலை அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

67ஆவது நிமிடத்தில் ஜெஜே கொடுத்த பந்தை ரஃபேல் அகஸ்டோ உள்ளே அனுப்பியபோது நான் முன் சீட்காரர் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் பெங்களூரு ஆள். பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

பெங்களூருவின் இரண்டாவது கோலை மிக்கு 92ஆவது நிமிடத்தில்தான் அடித்தார். ஸ்கோரில் ஒரு கோல் வித்தியாசம்தான். ஆனால் 67இலிருந்து 92 வரை நாம் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். பேப்பரில் 3-2 என்று மட்டும் படிக்கிறவருக்கு இந்த இருபத்தைந்து நிமிடம் தெரியாது.

குறையும் சொல்கிறேன். கடைசியில் இன்னும் கொஞ்சம் நேரம் பந்தை நம் காலிலேயே வைத்திருந்திருக்கலாம். அந்தப் பதற்றம் தேவையே இல்லாதது. பத்துக்கு எட்டு போடுவேன்.

வியாசர்பாடியிலிருந்து

அண்ணா, எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க, ஆனா ஒரு பேரை விட்டுட்டீங்க. நம்ம மிட்ஃபீல்டர் தனபால் கணேஷ்.

நாங்க போன வாரமே முடிவு பண்ணிட்டோம், பசங்க எல்லாரும் ஒண்ணா பாக்கணும்னு. ஒருத்தர் புரொஜெக்டர் குடுத்தாரு, இன்னொரு வீட்ல வெள்ளை வேட்டி. சந்துல சுவத்துல கட்டி ஓடவிட்டோம். முல்லை நகர் மைதானத்துல தினம் ஆடுற சின்னப் பசங்க முன்னாடி வரிசை, அவங்க அம்மாங்க பின்னாடி. சேத்ரி கோல் அடிச்சதும் ஒரு பொடியன் அழுதுட்டான். நான் அவன்கிட்ட சொன்னேன், பந்தைப் பாக்காத, கணேஷ் அண்ணன் எங்க நிக்கிறாருன்னு மட்டும் பாரு.

அவரும் பிக்ரம்ஜித்தும் நடுவுல நின்னது எதுக்கு? சேத்ரிக்கும் மிக்குக்கும் நேரா பந்து வரக்கூடாது, அவ்ளோதான். நடுவழி அடைச்சிருந்ததாலதான் அவங்க ஓரமாப் போய் கிராஸ் போட வேண்டியதாச்சு. ரெண்டு கோலும் அப்படி வந்ததுதானே? நடுவுல ஒண்ணு கூட வரல.

கணேஷ் இந்த சீசன்ல என்ன பண்ணாருன்னு ஞாபகப்படுத்துறேன். டிசம்பர் 17, இதே கந்தீரவா, 85ல சேத்ரி சமன் பண்றாரு, 88ல கணேஷ் கோல், 2-1 நாம ஜெயிச்சோம். மார்ச் 13, செமி பைனல், கோவாவோட 3-0, அதுல ஒண்ணு கணேஷோடது. பைனல்ல கோல் லிஸ்ட்ல பேர் இல்லன்னு விட்டுடாதீங்க. எங்க தெருவுலேர்ந்து போன புள்ள அவர். மேட்ச் முடிஞ்சதும் ராத்திரி பத்தரை மணிக்கு பசங்க செருப்பைக் கழட்டி ரெண்டு கல்லு வெச்சு கோல் போஸ்ட் ஆக்கி ஆட ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் திட்டல.

பெங்களூருவிலிருந்து

நான் வேலூர்க்காரன், வேலைக்காக இங்கே இருக்கிறேன். டிக்கெட் கிடைத்தது அவர்கள் பக்கம்தான், கூட வந்த நண்பர் கன்னடக்காரர், வெறிபிடித்த ரசிகர். சென்னை கோல் அடித்தபோதெல்லாம் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கோலுக்கு முடியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கை கொடுத்தார்.

மதிப்பீடு என்று கேட்டால் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. 9ஆவது நிமிடமும் உதாந்தா கிராஸ், 92ஆவது நிமிடமும் உதாந்தா கிராஸ். ஒரே வாசல் வழியாக இரண்டு தடவை திருடன் வந்திருக்கிறான். நம் லெஃப்ட் பேக் ஜெர்ரி அந்தப் பக்கத்தைச் சரியாகப் பூட்டவில்லை. 92இல் வந்தது 80இல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெயித்த மகிழ்ச்சியில் இதை மறந்தால் அடுத்த சீசன் எல்லாரும் அந்தப் பக்கமே வருவார்கள். நான் ஆறரைதான் போடுவேன்.

அண்ணா நகரிலிருந்து

ஜெர்ரியைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் கல்லூரி அணியில் மூன்று வருடம் லெஃப்ட் பேக் ஆடியவள். அந்த இடத்தில் நின்றால்தான் அது என்ன வேலை என்று தெரியும்.

உதாந்தா இந்தியாவிலேயே மிக வேகமான விங்கர்களில் ஒருவர். அப்படி ஒருவர் எதிரே வந்தால் ஒட்டி நிற்க முடியாது, ஒட்டினால் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடிவிடுவார். இரண்டடி விட்டு நிற்க வேண்டும். இரண்டடி விட்டால் கிராஸ் போட இடம் கிடைத்துவிடும். இந்த இரண்டில் எதை விடுவது என்று ஒவ்வொரு தடவையும் அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். முன்னால் ஆடும் விங்கர் ஓடி வந்து துணை நின்றால்தான் இரண்டையும் அடைக்க முடியும். அதனால் கிராஸ் வந்ததற்கு லெஃப்ட் பேக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. கிராஸ் வந்த பிறகு பெட்டிக்குள் சேத்ரியை யார் பார்த்துக்கொண்டார்கள், மிக்குவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஜெர்ரிக்கு வயது 19. மறுபக்கம் ரைட் பேக் ஆடிய இனிகோ கால்டெரோனுக்கு 36. இந்த இருவரையும் இரண்டு ஓரத்தில் வைத்துக்கொண்டு, லீக்கில் முதலிடம் வந்த அணியை அவர்கள் ஊரிலேயே சமாளித்திருக்கிறோம். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பிப்ரவரி 6 அன்று அப்பாவோடு பெரியமேடு மைதானத்தில் இருந்தேன். இதே பெங்களூரு நம் வீட்டுக்கு வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனது. அன்று வெளியே வரும்போது அப்பா, “இவங்களை பைனல்ல பாக்காம இருந்தா நல்லது” என்றார். சனிக்கிழமை டிவி முன்னால் 3-1 ஆனதும் அவர் செய்த முதல் காரியம், சமையலறைக்குப் போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தது. அம்மாவுக்கு ஆஃப்சைடு கூடத் தெரியாது. மிக்கு கோல் அடித்ததும் அம்மாதான் முதலில் எழுந்து நின்றாள், “இன்னும் எவ்ளோ நேரம், இன்னும் எவ்ளோ நேரம்” என்று. விசில் ஊதும்வரை உட்காரவே இல்லை.

கோவை பஸ்ஸிலிருந்து

சேலம் தாண்டி பஸ்ஸில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்கு எம்பியதோடு படம் நின்றுவிட்டது. சிக்னல் வந்தபோது நம் கேப்டன் செரெனோ கையில் கப். நடுவில் என்ன நடந்தது என்று இங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நன்றி.

முடிச்சூரிலிருந்து

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இங்கே எழுதுகிற பிள்ளைகளில் பலருக்கு 2015 நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த டிசம்பரில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி. ஊரே அப்படி இருந்ததால் கொல்கத்தாவோடு நாம் இங்கே ஆட வேண்டிய செமி பைனல் புனேவுக்குப் போய்விட்டது. டிசம்பர் 20, கோவா அணியோடு பைனல் அன்று எங்கள் டிவி கெட்டுப்போய்க் கிடந்தது. தங்கை வீட்டில் போய்ப் பார்த்தேன். கோவாவில் ஆட்டம், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் நாம் 2-1 என்று பின்னால். எழுந்து கிளம்பிவிட்டேன். வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளே கூச்சல். அவர்கள் கீப்பர் கட்டிமணி மேல் பட்டுப் பந்து உள்ளே போயிருந்தது. ஒரு காலில் செருப்போடு உள்ளே ஓடி வந்தேன், மெண்டோசா மூன்றாவதை அடித்தார். அதுவும் 3-2தான்.

அன்றைய 3-2க்கும் இன்றைய 3-2க்கும் நிறைய வித்தியாசம். அன்று கடைசி நிமிடத்தில் நாம் பறித்தோம், அதைத்தான் தப்பித்தது என்று சொல்லலாம். இந்தத் தடவை 45ஆவது நிமிடத்திலிருந்து ஒரு நொடிகூட நாம் பின்னால் போகவில்லை, சமனும் ஆகவில்லை. மைல்சனும் ரஃபேலும் 2015 அணியிலும் இருந்தவர்கள். இந்த பைனலின் மூன்று கோலையும் அந்த இரண்டு பேர்தான் அடித்திருக்கிறார்கள். அனுபவத்துக்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? நான் ஒன்பது போடுவேன். அந்த ஒன்றைக் குறைத்தது 92ஆவது நிமிடத்துக்காக. டாக்டர் என்னைப் பதற்றப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

வில்லிவாக்கத்திலிருந்து

எல்லாவற்றையும் படித்தேன். வியாசர்பாடி தம்பி, கணேஷை விட்டது என் தப்பு. மைதானத்தில் இருந்தால் கண் பந்தின் பின்னாலேயே போய்விடுகிறது. ஜெர்ரி விஷயத்தில் அண்ணா நகர் சகோதரி சொன்னதைப் படித்த பிறகு வேலூர்க்காரரும் ஒரு தடவை யோசிக்க வேண்டும். ஆனால் அவர் கவலையும் பொய்யில்லை. இரண்டு கிராஸும் ஒரே ஆளிடமிருந்து வந்தது உண்மைதானே.

மிக்கு கோலுக்குப் பிறகு எங்கள் வரிசையில் யாரும் பேசவில்லை. சுற்றிலும் அத்தனை பேர் கத்த, நாங்கள் மட்டும் ரெஃப்ரியின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விசில் ஊதியது காதில் விழவே இல்லை. நம் கீப்பர் கரன்ஜித் முட்டி போட்டதைப் பார்த்துத்தான் முடிந்தது என்று தெரிந்தது. துண்டால் முகத்தை மூடியவன் அதே துண்டைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தான்.

ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கினோம். டீக்கடைக்காரர் எங்கள் ஜெர்சியைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் நாலு டீயை நீட்டினார், காசு வாங்கவில்லை.

இன்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன். 67ஆவது நிமிடத்திலிருந்து, பந்தை விட்டுவிட்டு கணேஷை மட்டும்.

வியாசர்பாடியிலிருந்து

9ஆவது நிமிஷத்துலேர்ந்தே பாருங்கண்ணா. கோல் வாங்கின அடுத்த நிமிஷம் அவர் கையைத் தட்டி எல்லாரையும் மேல ஏறி நிக்கச் சொல்ற மாதிரி எங்க பொடியன் பாத்திருக்கான். அழுதானே, அவன்தான். உங்க கண்ணுக்கும் தெரியுதான்னு சொல்லுங்க.